எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது, ஹார்ட் டிஸ்க் காலியாகக் கிடக்கிறது: லினக்ஸில் என்ன செய்வது?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: “இந்த சாஃப்ட்வேரை சி டிரைவில் போடாமல் டி டிரைவில் இன்ஸ்டால் பண்ண முடியாதா?” நியாயமான கேள்வி. விண்டோஸில் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனால் நடுவில் ஒரு பெட்டி வந்து எந்த ஃபோல்டரில் போடட்டும் என்று கேட்கும். இங்கே மென்பொருளை நிறுவும் கருவியான ஏபிடி எதையும் கேட்பதில்லை, அது பாட்டுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது.

காரணம் எளிது. லினக்ஸில் சி, டி என்று எதுவும் கிடையாது. ஸ்லாஷ் என்ற ஒரே வேரிலிருந்து கிளம்பும் ஒரே மரம், எத்தனை டிஸ்க் மாட்டினாலும் அந்த மரத்தின் ஏதோ ஒரு கிளையில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு மென்பொருளை நிறுவினால் அதன் இயங்கும் ஃபைல் /யூஎஸ்ஆர்/பின், லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லிப், ஐகான்களும் உதவிப் பக்கங்களும் /யூஎஸ்ஆர்/ஷேர், அமைப்புகள் /இடிசி என்று நாலு இடத்தில் பிரிந்து உட்காரும். ஒரு லைப்ரரியைப் பத்து மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும். அதனால் ஒன்றை மட்டும் பிடுங்கி வேறு டிஸ்க்கில் நடுவது நடக்கிற காரியம் இல்லை. நடத்தவும் தேவையில்லை, ஏனென்றால் இடத்தைத் தின்பது பெரும்பாலும் மென்பொருள் கிடையாது. என் லேப்டாப்பில் இருப்பது 120 ஜிபி எஸ்எஸ்டி. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி (டிஸ்க்கைப் பிடித்துவைக்கும் சட்டம்) வைத்து ஒரு பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறேன். லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், கம்பைலர்கள் எல்லாம் சேர்த்தும் /யூஎஸ்ஆர் 12 ஜிபியைத் தாண்டவில்லை. மீதி எல்லாமே அவற்றைச் சுற்றி வளர்ந்த சரக்கு. அந்தச் சரக்கைத்தான் பெரிய டிஸ்க்குக்குக் கொண்டுபோக வேண்டும், மென்பொருளை வேகமான டிஸ்க்கிலேயே விட்டுவிட வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வேலையைத்தான் செய்யப்போகிறோம்.

கட்டளைகளை ஒலிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு முன்னால் சூடோ வேண்டும், ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு கட்டளையை ஓட்டுவது அது.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ அடித்தால் எந்த டிஸ்க், அதில் எந்தப் பார்ட்டிஷன், எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை), அதன் யூயூஐடி என்ற அடையாள எண் என்ன, எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது, அதாவது மரத்தின் எந்தக் கிளையில் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் மரம்போல வரும். உபுண்டுவில் லூப் 0, லூப் 1 என்று ஒரு பெரிய வரிசை வந்தால் பயப்பட வேண்டாம், அவை ஸ்னாப் என்ற முறையில் நிறுவிய மென்பொருள் பொதிகள், தனி டிஸ்க்குகள் கிடையாது. அப்புறம் ‘டிஎஃப் -ஹெச்’. ஸ்லாஷ் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அது சொல்லும். எது நிரப்பியது என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்தது ‘என்சிடியூ -எக்ஸ் /’. அந்த -எக்ஸ் முக்கியம், அதைப் போட்டால்தான் மற்ற டிஸ்க்குகளுக்குள் புகாமல் ஸ்லாஷ் இருக்கும் டிஸ்க்கை மட்டும் கணக்கெடுக்கும்.

நகர்த்துவதற்கு முன்னால் கூட்டிப் பெருக்கிவிடலாம், பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ‘ஏபிடி கிளீன்’ ஏற்கெனவே நிறுவி முடித்த பொதிகளின் நகல்களை அழிக்கும். ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ பழைய கர்னல்களை (லினக்ஸின் மையக்கரு) எடுக்கும். பூட்டையும் சேவைகளையும் நடத்தும் சிஸ்டம்டியின் ஜர்னல் என்ற பதிவேடு, டிஸ்க் அளவில் பத்தில் ஒரு பங்கு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரத் தானாகவே அனுமதி பெற்றது; ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=500எம்’ போட்டால் சுருங்கும், எம் மட்டும் பெரிய எழுத்து. ஸ்னாப் ஒவ்வொன்றுக்கும் பழைய பதிப்பு ஒன்றையாவது பிடித்து வைத்திருக்கும், ‘ஸ்னாப் லிஸ்ட் --ஆல்’ அடித்து டிசேபிள்ட் என்று காட்டுவதைப் பதிப்பு எண்ணோடு நீக்கலாம். ஸ்னாப் மாதிரியே இன்னொரு நிறுவல் முறையான ஃபிளாட்பேக் இருந்தால் ‘ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு’.

சரி, இப்போது பெரிய டிஸ்க். பழைய டிஸ்க் என்றால் முதல் வேலையாக ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ போட்டு உடல்நிலையைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. பெண்டிங் எண் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் அந்த டிஸ்க்கில் உங்கள் குழந்தையின் படங்களை வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

ஃபைல் சிஸ்டம் எது என்பதில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். லினக்ஸ் மட்டும்தான் என்றால் இஎக்ஸ்டி4 போதும். ஏற்கெனவே விண்டோஸில் இருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அப்படியே மாட்டிப் படங்களும் சினிமாக்களும் வைக்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் மென்பொருள் சம்பந்தப்பட்ட எதையும் அதில் வைக்காதீர்கள். லினக்ஸின் உரிமை முறை அதில் சரியாகப் பொருந்தாது. ஸ்டீம் விளையாட்டுகளை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் வழியாக ஓட்டும்போது அது ‘சி:’ என்று முக்காற்புள்ளியோடு ஓர் இணைப்பை உண்டாக்கும், விண்டோஸ் ஏற்காத அந்தப் பெயரால் என்டிஎஃப்எஸ்ஸில் சிக்கல் வரும். டூயல் பூட் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் பாதித் தூக்கத்தில் போய்விடும், லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது.

இஎக்ஸ்டி4 போடும்போது தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி: இடத்தில் 5 சதவீதத்தை அது ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். ஸ்லாஷில் அது நல்லதுதான், டிஸ்க் நிரம்பினாலும் ரூட்டாக உள்ளே போய்ச் சரிசெய்ய மூச்சுவிட இடம் இருக்கும். ஆனால் வெறும் டேட்டா வைக்கும் 1 டிபி டிஸ்க்கில் 46 ஜிபி அளவுக்கு வீணாகக் கிடக்கும். ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று போட்டு 1 சதவீதமாகக் குறைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

மவுண்ட் செய்யும் இடமாக நான் /எம்என்டி/டேட்டா வைத்திருக்கிறேன். ஸ்னாப் பொதிகளுக்கு ஹோமுக்கு வெளியே எட்டிப்பார்க்க உரிமை கிடையாது, ரிமூவபிள்-மீடியா என்ற அனுமதியை இணைத்தால் /எம்என்டி, /மீடியா ஆகியவற்றின் கீழே மட்டும் பார்க்க முடியும். ஸ்லாஷிலேயே புதிதாக ஒரு பெயரில் ஃபோல்டர் போட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தானாக மவுண்ட் ஆக /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வரி இப்படி இருக்கும், யூயூஐடி என்ற சொல் மட்டும் பெரிய எழுத்து:

யூயூஐடி=எல்எஸ்பிஎல்கே-காட்டிய-எண் /எம்என்டி/டேட்டா இஎக்ஸ்டி4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

எந்த டிஸ்க், எங்கே, எந்த ஃபைல் சிஸ்டம், எந்த விதிகள் என்று முதல் நான்கும் வாசித்தாலே புரியும். ஐந்தாவதான 0 டம்ப் என்ற பழைய பேக்கப் கருவிக்கானது, பூஜ்யமாகவே விடுங்கள். ஆறாவது, பூட்டில் டிஸ்க்கைச் சோதிக்கும் வரிசை. ஸ்லாஷுக்கு 1, மற்றவற்றுக்கு 2. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை இங்கே எழுதாதீர்கள், ஒரு பென்டிரைவ் செருகியிருந்தால்கூட அந்த வரிசை மாறிவிடலாம், யூயூஐடி மாறாது. யூஎஸ்இஆர் என்ற விதியையும் சேர்க்காதீர்கள், அது கூடவே நோஎக்ஸெக்கையும் கொண்டுவந்துவிடும், அப்புறம் அந்த டிஸ்க்கில் இருக்கும் எந்த மென்பொருளும் ஓடாது, பெர்மிஷன் டினைடு என்று மட்டும் வரும், மணிக்கணக்கில் உரிமைகளை மாற்றும் சிஹெச்மாட் போட்டுப் போட்டுக் களைத்துப்போவீர்கள்.

எழுதி முடித்ததும் ரீபூட் செய்யாதீர்கள். ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ எழுத்துப் பிழையைப் பிடிக்கும், ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ மாற்றத்தை சிஸ்டம்டிக்குச் சொல்லும், அப்புறம் ‘மவுண்ட் -ஏ’. மூன்றும் பிழை காட்டாமல் முடிந்தால்தான் ரீபூட். கடைசியாக, புது டிஸ்க்கின் உரிமையாளர் ரூட்டாகத்தான் இருப்பார், மவுண்ட் ஆன பிறகு சிஹெச்ஓன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

அந்த நோஃபெயில் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் அதிகம் பட்டது அதனால்தான். முதலில் அது இல்லாமல் எழுதியிருந்தேன். ஒரு நாள் லேப்டாப்பைப் பையில் வைத்துப் பயணம் செய்ததில் கேடி லேசாக நழுவிவிட்டது. அன்று பூட் 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. வெறும் படங்கள் இருக்கும் டிஸ்க் வரவில்லை என்பதற்காக முழுக் கணினியும் எழுந்திருக்க மறுத்தது. உள்ளே போய் எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு வெளியே வந்தேன், பிறகு, டிஸ்க் வராவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயிலைச் சேர்த்தேன்.

சில மாதம் கழித்துக் கேடி மறுபடி நழுவியது. இந்த முறை நோஃபெயில் இருந்ததால் கணினி ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை. இரவில் ஓடும் பேக்கப் வழக்கம்போல /எம்என்டி/டேட்டாவுக்குள் எழுதியது. டிஸ்க் மாட்டாதபோது /எம்என்டி/டேட்டா என்பது எஸ்எஸ்டியில் இருக்கும் ஒரு சாதாரண வெற்று ஃபோல்டர். அன்றைக்குப் பேக்கப் எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பியது, காலையில் லாகின் திரையே வரவில்லை. கேடியை அழுத்தி மாட்டி ரீபூட் செய்தேன். இப்போது ஹார்ட் டிஸ்க் அதே ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது, அடியில் இருந்த ஃபைல்கள் கண்ணுக்கே தெரியவில்லை. டிஎஃப் 100 சதவீதம் என்கிறது, டியூ -எக்ஸ் கூட்டிப் பார்த்தால் 40 ஜிபிதான் இருக்கிறது என்கிறது. மீதி 70 ஜிபி எங்கே என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தேடினேன்.

இந்த நிலை உங்களுக்கு வந்தால் செய்ய வேண்டியது: /எம்என்டி/அடி என்று ஒரு வெற்று ஃபோல்டர் உண்டாக்குங்கள், பெயர் எதுவானாலும் சரி, ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/அடி’ என்று போடுங்கள். இது ஸ்லாஷ் இருக்கும் டிஸ்க்கை மட்டும், மேலே எதுவும் மூடாமல், இன்னோர் இடத்தில் காட்டும். அதற்குள் எம்என்டி/டேட்டா ஃபோல்டருக்குப் போனால் புதைந்துகிடப்பது அத்தனையும் தெரியும், அங்கேயே அழிக்கலாம். அழிக்கும் முன் பாதையை இரண்டு தடவை படியுங்கள். முடிந்ததும் யூமவுண்ட். அங்கேயும் எதுவும் இல்லை, ஆனாலும் கணக்கு உதைக்கிறது என்றால், அழித்த ஃபைலை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அது எது என்று காட்டும், எல் பெரிய எழுத்து. அந்த நிரலை நிறுத்தினால் இடம் திரும்பிவிடும்.

மறுபடி நடக்காமல் இருக்க ஓர் எளிய பூட்டு இருக்கிறது, நோஃபெயில் போடுகிற எல்லோரும் இதையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. டிஸ்க்கை யூமவுண்ட் செய்துவிட்டு, வெற்றாக இருக்கும் /எம்என்டி/டேட்டா மேல் ‘சிஹெச்அட்டர் +ஐ’ போடுங்கள். அதன் பிறகு அந்த வெற்று ஃபோல்டருக்குள் ரூட்டால்கூட எதுவும் எழுத முடியாது. அதன் மேல் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை. டிஸ்க் இல்லாத நாளில் பேக்கப் பிழை காட்டி நின்றுவிடும். அதுதான் வேண்டும்.

இனி நகர்த்துகிற வேலை. எதையும் ஒரே நாளில் மொத்தமாகச் செய்யாதீர்கள், ஒன்றை நகர்த்தி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

முதலில் சொந்த ஃபோல்டர்கள்: டவுன்லோட்ஸ், வீடியோஸ், பிக்சர்ஸ். ஃபோல்டரைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் சிம்லிங்க் (புது இடத்தைச் சுட்டும் இணைப்பு) வைப்பதுதான் பலரும் செய்வது. வேலை செய்யும், ஆனால் ஸ்னாப் மென்பொருளிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே விடாது, ஏனென்றால் இணைப்பின் பெயரைப் பார்க்காமல் அது உண்மையில் போய்ச் சேரும் பாதையைத்தான் காவல்காரர் பார்க்கிறார். நான் பைண்ட் மவுண்ட்டுக்கு மாறி ரொம்ப நாளாகிறது. எஃப்எஸ்டேப்பில், டிஸ்க்கின் வரிக்குக் கீழே, ‘/எம்என்டி/டேட்டா/வீடியோஸ் /ஹோம்/உங்கள்-பெயர்/வீடியோஸ் நன் பைண்ட்,நோஃபெயில் 0 0’ என்று ஒரு வரி, வீடியோஸின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. மென்பொருள்களுக்கு அது ஹோமுக்குள் இருக்கும் சாதாரண ஃபோல்டராகவே தெரியும், யாரும் தகராறு செய்வதில்லை.

ஃபிளாட்பேக் ஆப்களை இயல்பாக /வார்/லிப்/ஃபிளாட்பேக்கில் வைக்கிறது, நிறைய பேருக்கு எஸ்எஸ்டி நிரம்ப இதுவே காரணம். “டி டிரைவில் இன்ஸ்டால்” என்ற கேள்விக்கு ஓரளவு நேரடியான பதிலும் இங்கேதான் இருக்கிறது. /இடிசி/ஃபிளாட்பேக்/இன்ஸ்டாலேஷன்ஸ்.டி என்ற ஃபோல்டரில், கான்ஃப் என்று முடியும் ஒரு ஃபைலில், புதிய நிறுவல் இடத்துக்கு ஒரு பெயரும் பாதையும் கொடுத்துவிட்டால், அந்த இடத்துக்கு ஃபிளாட்ஹப் என்ற ஆப் களஞ்சியத்தை ஒரு முறை சேர்த்துவிட்டு, பிறகு ‘--இன்ஸ்டாலேஷன்=அந்தப்-பெயர்’ என்று சொல்லி எந்த ஆப்பையும் அங்கே போடலாம். பெரிய ஆப்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு, தினமும் திறப்பவை எஸ்எஸ்டிக்கு என்று பிரிக்கலாம். ஏற்கெனவே இருப்பதை மொத்தமாக நகர்த்துவதென்றால் நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் போடும்போது -ஏ, அதோடு பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய ஹெச் நான்கையும் கொடுங்கள். ஹெச் இல்லாவிட்டால் ஹார்ட்லிங்க்குகள் (ஒரே ஃபைலுக்கு இருக்கும் பல பெயர்கள்) தனித்தனி நகல்களாகிவிடும், ஃபிளாட்பேக் முழுக்க ஹார்ட்லிங்க்கில் ஓடுவதால் போன இடத்தில் அளவு வீங்கிவிடும்.

ஸ்டீமுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய் புது டிஸ்க்கைச் சேர்த்தால் போதும், விளையாட்டுகளை அங்கிருந்தே நகர்த்தலாம்.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ பாருங்கள். நகர்த்துவதற்கு, சேவையையும் அதன் சாக்கெட்டையும் நிறுத்தி, /வார்/லிப்/டாக்கரை மேலே சொன்ன ஆர்சிங்க் முறையில் நகலெடுத்து, /இடிசி/டாக்கர் ஃபோல்டரில் டீமன்.ஜேசன் ஃபைலில் டேட்டா-ரூட் என்பதற்குப் புதுப் பாதையைக் கொடுங்கள். கன்டெய்னர்டி இமேஜ் ஸ்டோரைப் பயன்படுத்தும் நிறுவல்களில் இமேஜ்கள் /வார்/லிப்/கன்டெய்னர்டியில் இருக்கும், டேட்டா-ரூட்டை மாற்றினாலும் அவை அசையாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் ஓடும் கன்டெய்னர் இருந்தால் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோவதற்கு முன் யோசியுங்கள், வேகம் நன்றாகவே குறையும்.

வீட்டில் ஏஐ மாடல்களை இறக்கி ஓட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒல்லாமா சேவையாக நிறுவப்பட்டிருந்தால் மாடல்கள் /யூஎஸ்ஆர்/ஷேர்/ஒல்லாமா கீழே ஒரு மறைந்த ஃபோல்டரில் சேர்கின்றன, யாரும் தேடாத இடம். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் ஒல்லாமா’ போட்டு ஒல்லாமா_மாடல்ஸ் என்ற சூழல் மாறியில், பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், புதுப் பாதையைக் கொடுங்கள். அந்த ஃபோல்டரின் உரிமையாளராக ஒல்லாமா என்ற பயனர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேவை எழாது.

தனியாக டார் ஃபைலாகவோ ஆப்இமேஜாகவோ வரும் மென்பொருள்களுக்கு மட்டும் நீங்கள் சொல்வதே சட்டம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரியானவற்றைப் பெரிய டிஸ்க்கில் எங்கே வேண்டுமானாலும் விரித்துவைத்து ஓட்டலாம்.

அப்படியானால் /யூஎஸ்ஆரையே தூக்கி இரண்டாவது டிஸ்க்கில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. யூனிக்ஸின் தொடக்கக் காலத்தில் நடந்ததே அதுதான். 1970களின் ஆரம்பத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியில் வேலை செய்தபோது, முதல் டிஸ்க்கில் இடம் போதாமல், பயனர்களின் ஃபைல்கள் இருந்த /யூஎஸ்ஆருக்கு நிரல்களும் வழிந்தன. ஒரே மாதிரியான /பின், /யூஎஸ்ஆர்/பின் என்று இரண்டு இருந்ததற்கு வேர் அங்கேதான். இப்போது அந்தப் பிரிவே போய்விட்டது. 2023இல் வந்த டெபியன் 12 தொடங்கி /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின்னைக் காட்டும் வெறும் இணைப்பு. /யூஎஸ்ஆர் இருக்கும் டிஸ்க் ஒரு நாள் வராவிட்டால் எல்எஸ் கட்டளைகூடக் கையில் இருக்காது. அதனால் அதைத் தொடாதீர்கள்.

எல்விஎம் வைத்து இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெரிய டிஸ்க்காக ஒட்டிவிடலாம் என்றும் சொல்வார்கள். முடியும், விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் இரண்டே கட்டளைகள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று செத்தால் எஸ்எஸ்டியில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், எந்த ஃபைல் வேகமான டிஸ்க்கில் உட்காரும் என்பதும் உங்கள் கையில் இருக்காது.

எதை நகர்த்தினாலும் பழையதை உடனே அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, பின்னால் .ஓல்ட் சேர்த்து, ஒரு வாரம் வைத்திருங்கள். அழித்த பிறகு டிஎஃப் பாருங்கள், எண் குறையவில்லை என்றால் மேலே சொன்ன புதைந்த ஃபைல் சோதனைதான். பிறகு எப்போதாவது அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்ற நேர்ந்தால், முதலில் எஃப்எஸ்டேப்பில் பைண்ட் வரிகளுக்கும் டிஸ்க்கின் வரிக்கும் ஹேஷ் குறி போட்டு, டாக்கர், ஒல்லாமா போன்ற சேவைகளை நிறுத்தி, பைண்ட்களை முதலிலும் டிஸ்க்கைக் கடைசியிலும் யூமவுண்ட் செய்து, அதற்கு அப்புறம் கணினியை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.